மிங் வம்சத்தின் கடைசிப் பல்

இடது கை நாற்காலியின் கைப்பிடியில் கிடந்தது. அதைத் தூக்கினால் எல்லாம் நின்றுவிடும். தூக்கக் கூடாது என்று சூ வென்ஹாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள், தூக்கினால்தான் என்ன, குடியா முழுகிப் போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டார். எல்லாம் மனசுக்குள்தான். வாய் ஆவென்று திறந்திருந்தது. அதற்குள் மகள் யூலானின் இரண்டு விரல், ஒரு குட்டிக் கண்ணாடி, எச்சிலை உறிஞ்சுகிற குழாய் என்று ஒரு சந்தைக்கடையே நடந்துகொண்டிருந்தது. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் இந்த முதல் மாடியில் உட்கார்ந்து ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொன்ன சைனா டாக்டருக்கு இன்றைக்குத் தன் வாய் திறந்திருக்கிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். வலித்தால் இடது கையைத் தூக்கு என்பது அவரே போட்ட சட்டம். டாக்டர் வலது பக்கம் நிற்கிறார், வலது கையைத் தூக்கினால் பல் பிடுங்குகிற கொறட்டைத் தட்டிவிடுவாய், அதனால் இடது. சட்டம் போட்டாரே தவிர, எவர் கை தூக்கியும் அவர் நிறுத்தியது கிடையாது. இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்பார், பல் கையோடு வந்துவிடும். யூலான் அப்படியில்லை. விரல் துடித்தால் போதும், கொறட்டை வெளியே எடுத்து, என்ன ஆச்சு என்று கேட்டு, காத்திருப்பாள். அவள் பல் டாக்டருக்குப் படித்து இந்த மாடிக்கு வந்த நாளிலிருந்து அவர் போட்ட சட்டம் நிஜச் சட்டமாகிவிட்டது. அதுதான் இப்போது பயமாக இருந்தது. வேறு டாக்டர் என்றால், அவன் பிடுங்கிவிட்டான், நான் என்ன செய்வேன் என்று பழியை அவன் தலையில் கட்டிவிடலாம். இவளோ முடிவைக் கொண்டுவந்து நம் கையிலேயே வைத்துவிட்டு நிற்கிறாள்.

ஒரு சொத்தைக் கடைவாய்ப் பல்லுக்கு இத்தனை யோசனையா என்றால், இது கடைவாய்ப் பல் இல்லை. இது ஒரு சாம்ராஜ்யம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவருக்கே சில நாள் சிரிப்பு வரும். ஆனால் சூ வென்ஹாய் ஓர் அரசர். சீன தேசத்தை ஆண்டு, வீழ்ந்து, மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்ட மிங் வம்சத்தின் மூத்த கிளை. அப்படித்தான் அவர் அப்பா சொன்னார், அப்பாவுக்கு அவர் அப்பா சொன்னார். கடைசிச் சக்கரவர்த்தி அரண்மனைக்குப் பின்னாலிருந்த குன்றில் மரத்தில் தூக்கு மாட்டிக்கொண்டது ஊரறிந்த கதை. ஊரறியாத வீட்டுக் கதை இன்னொன்று. ஐந்து வயது இளவரசன் ஒருவனை ஒரு சமையல்காரி முட்டைக்கோஸ் கூடையில் வைத்து வெளியே கொண்டுபோனாள். பிறகு நான்தான் இளவரசன், நான்தான் இளவரசன் என்று மழைக்காலக் காளான் மாதிரி ஊருக்கு ஒருவன் முளைத்தபோது, நிஜமானவனை அவள் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்டுபிடித்தாள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால், அண்ணத்தில், பச்சரிசி மாதிரி கூராக ஓர் உபரிப் பல். ராஜாப் பல். அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த கிளையில் ஒருவருக்கு அது முளைத்தே தீரும் என்பது வீட்டார் நம்பிக்கை. தாத்தாவுக்கு இருந்தது. அப்பாவுக்கு இருந்தது. அவருக்கு இருக்கிறது, இந்த நிமிஷம் வரை இருக்கிறது, நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்கப் போனார், யூலான், "நாக்கை ஆட்டாதீங்கப்பா," என்றாள். ஆட்டவில்லை. சரி, இந்த ராஜாவுக்கு என்ன கிடைக்கும்? அரண்மனையா, யானையா? வசந்த காலத்தில் கல்கத்தாவில் குலத்தார் எல்லாரும் கூடி முன்னோர் கல்லறைகளைக் கழுவிக் கும்பிடுகிற நாளில், முதல் ஊதுபத்தியைக் கொளுத்துகிற உரிமை. அவ்வளவுதான். அந்த ஒரு ஊதுபத்திக்கு அவரும் சித்தப்பா மகன் தேஹுவாவும் தலை நரைக்கிற வரை சண்டை போட்டாயிற்று. தேஹுவா கல்கத்தாவில் ஹோட்டல் வைத்திருப்பவன், வாய்க்காரன். வென்ஹாயின் அப்பா பல் கட்டுகிற தொழில்காரர்தானே, மகன் வாயில் ஒரு பல்லைக் கட்டி ராஜா ஆக்கிவிட்டார், அது பல்லே இல்லை, பீங்கான் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டான்.

பீங்கானாம். பீங்கான் வலிக்குமா? மூன்று நாளாக வலிக்கிறது, அடேயப்பா, என்ன வலி, மூக்கின் அடியில் யாரோ உட்கார்ந்து உரலில் இடிக்கிற மாதிரி. அவர் ஒரு மாத்திரை போடவில்லை. ஒவ்வொரு இடிக்கும் ஓர் ஆனந்தம். கேட்டாயா தேஹுவா, இது கட்டின பல் இல்லை, கட்டின பல்லுக்கு நரம்பு ஏது, சீழ் ஏது, இடி, இன்னும் இடி, வம்சத்தின் முரசுடா இது. ராத்திரி கிராம்பு எண்ணெயைத் தடவப் போய், தடவாமல் வைத்துவிட்டார். இன்றைக்கு நாலு மணிக்கு எட்டாவது பெரியப்பா வருகிறார், குலத்துச் சங்கத்தின் தலைவர், கூடவே தேஹுவாவும். பல்லைத் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, இன்றோடு வழக்கைத் தீர்ப்பதாகப் பேச்சு. அதுவரை வலிக்கட்டும், நெளிகிறவனைப் பார்த்தால் சந்தேகம் வராது என்றுதான் கணக்குப் போட்டிருந்தார். காலையில் எழுந்தால் மேலுதடு இட்லி மாதிரி வீங்கியிருந்தது. யூலான் ஒரு எக்ஸ்ரே எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், "சாயங்காலம் வரைக்கும் தாங்காதுப்பா, இப்பவே எடுக்கணும்," என்றாள். எக்ஸ்ரேயைக் காட்டலாமே என்று தோன்றாமலில்லை. காட்டினால் இது யார் வாயோ என்பான் தேஹுவா. ஆனால் அவர் வாதாடவே இல்லையே. சரி என்றார். எத்தனை வருஷமாகக் கண்ணுக்குள் வைத்துக் காத்த பல், கரும்பு கடிக்காமல், எலும்பு கடிக்காமல் காத்த பல், அதை எடுக்கணும் என்கிறாள், இவர் சரி என்று சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் சரி என்றேன்? வலி பொறுக்காமலா? இல்லை. வலிதான் இனித்ததே. பின்னே ஏன்?

"ஒண்ணு குத்தும்பா. கொஞ்சம் ஜாஸ்தியாவே குத்தும்," என்றாள் யூலான். அண்ணத்து ஊசி. அதைப் போலப் பொல்லாத ஊசி பல் தொழிலில் இன்னொன்று இல்லை என்று அவருக்குத் தெரியும், தெரிந்ததால் இரண்டு மடங்கு குத்தியது, கண்ணில் நீர் முட்டியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியை நெரித்தன. தூக்கவில்லை. "இன்னா டாக்டரே," என்றாள் பிலோமினா, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள், யூலான் கவுன் போட்ட காலத்திலிருந்து இங்கே வேலை செய்கிறவள். "ஊருக்கெல்லாம் ஊசி போட்ட கை, இப்டி மெரள்றீங்கோ! காசிமேட்டு ஆளுங்க பாத்தா சிரிப்பாங்கோ." காசிமேட்டு ஆளுங்கள். சிரிக்க மாட்டார்கள் பிலோமினா, அவர்களில் பாதிப்பேர் எனக்குப் போட்டி அரசர்கள். மரியநாயகம் என்று ஒரு விசைப்படகுக்காரர், முதன்முதலாக அவர் வாயைத் திறந்தபோதுதான் வென்ஹாய் பார்த்தார், முன்பற்களுக்குப் பின்னால், அதே இடத்தில், அதே கூரோடு. "அண்ணே, உங்க பூர்வீகம் எது?" என்று கேட்டார். "பொறந்ததுலேர்ந்து இதே காசிமேடுதான் சார், ஏன், பல்லுல எளுதிக்கீதா?" என்றார் மரியநாயகம். அன்றிரவு சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு மீன்காரம்மாவுக்கு, ஒரு கண்டக்டருக்கு, ஒரு கல்யாணப் பெண்ணுக்கு. தேடித் தேடி வாங்கிய பழைய பல் வைத்தியப் புத்தகத்தில் பார்த்தால், இது சகஜம், எந்த ஊரிலும் எந்த ஜாதியிலும் நூறு இருநூறு பேரில் ஒருவருக்கு வரும் என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அப்படியானால் கூடையில் போன இளவரசனுக்கு எத்தனை பேரப்பிள்ளைகளோ, கடல் வழியாகக் காசிமேடு வரைக்கும் வந்துவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆண்டி மடம் கட்டின கதைதான், இருந்தாலும் மடம் நன்றாகவே இருந்தது. அந்தப் பற்களை அவரே பிடுங்கியிருக்கிறார். பிடுங்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சின்ன வணக்கம் வைப்பார். மன்னிக்க வேண்டும் மாமன்னரே, கொஞ்சம் வாயைக் கொப்பளியுங்கள்.

மேலுதடு மரக்க ஆரம்பித்தது. மூக்கு நுனி யாருடைய மூக்கோ ஆனது. முரசு தூரத்துக்குப் போய்விட்டது, பக்கத்துத் தெருவில் வாசிக்கிற மாதிரி. வலி போனதும் ஒரு துக்கம் வந்தது, துக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு பழைய முள் ஒன்றும் வந்தது. ஐந்து வயது. இளவரசனுக்கு ஐந்து வயது என்றார்களே, அந்த வயதில் இந்தப் பல் முளைத்திருக்குமா? பால்பல் விழுகிற வயதே ஆகவில்லையே. ஆறு, ஏழு, எட்டு வயதில் எட்டிப் பார்க்கிற பல் இது. பல் வைத்தியம் கற்காத அப்பாவித் தலைமுறைகளுக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. தாத்தா கப்பலேறி வந்து கற்றுக்கொண்ட தொழில் குலக்கதையின் வேரையே ஆட்டிவிட்டது. ராஜ வம்சத்தில் எல்லாம் சீக்கிரம் முளைக்கும் என்று சொல்லிப் பார்த்தார். சமையல்காரி இளவரசன் வளர்ந்த பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னாள் என்று திருப்பிப் பார்த்தார். ஆனால் வளர்ந்த பிறகு முளைத்த பல்லை அவள் முன்னால் எப்படிப் பார்த்திருப்பாள், பார்க்காததை எப்படி அடையாளம் சொல்வாள். சுற்றிச் சுற்றி அதே இடம். செக்குமாடு மாதிரி எத்தனை ராத்திரி இதையே சுற்றியிருக்கிறார். இன்று மருந்தின் மப்பில், அந்தச் சமையல்காரியை நினைத்ததும் திடீரென்று ஒரு குளுமை. அவள் பல்லைப் பார்த்திருக்கவே மாட்டாள். முட்டைக்கோஸ் கூடையில் தூக்கிச் சுமந்தவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? பல்லைக் கேட்டவர்கள் மற்றவர்கள். அவள் அவர்கள் வாயை அடைப்பதற்காக ஒரு பல்லைச் சொல்லியிருப்பாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும். இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க உதட்டைக் காணோம்.

"மரத்துச்சாப்பா?" தலையை ஆட்டினார். யூலானின் முகம் விளக்குக்குக் கீழே தலைகீழாகத் தெரிந்தது. முகமூடிக்கு மேலே கண் மட்டும். இந்தக் கண்ணுக்குக் கீழே, இந்த முகமூடிக்குப் பின்னால், முன்பற்களுக்குப் பின்னால், ஒரு காலத்தில் ராஜாப் பல் இருந்தது. ஏழு வயதில் அவளுக்கு அது முளைத்தது. மூத்த கிளையில் ஒருவருக்கு முளைத்தே தீரும் என்றார்களே, முளைத்துவிட்டது, பெண்ணுக்கு. சங்கத்துக்குத் தகவல் சொன்னபோது எட்டாவது பெரியப்பா, பெண்பிள்ளைக்கு முளைத்தது கணக்கில் வராது என்று பதில் சொல்லி அனுப்பினார். "பல்லுக்குத் தெரிஞ்சது ஒங்க பெரியப்பாவுக்குத் தெரியலையே," என்றாள் மனைவி, கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தாள். அந்தப் பல்லை யூலான் என்ன செய்தாள்? காலேஜில் முதல் முதலாகப் பல் எடுக்கப் பழகுகிற தோழிக்குக் கேஸ் கிடைக்கவில்லையாம், பாவம் அழுதாளாம், இவள் போய் வாயைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வந்து பஞ்சைத் துப்பிவிட்டு, "சுவாதிக்கு ஒரு கேஸ் ஆச்சுப்பா, ரூட் உடையாம வந்துடுச்சு," என்றாள் சந்தோஷமாக. பல் எங்கே என்றார். தெரியாதுப்பா, குப்பையில போட்டிருப்பாங்க என்றாள். ஒரு சாம்ராஜ்யத்தைத் தோழிக்குப் பழகக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டாள். அவர் பத்து நாள் பேசவில்லை. இப்போது நினைத்தால், குலத்தில் இதுவரை யார் இத்தனை லேசாக முடி துறந்திருக்கிறார்கள்? நான் ஒரு ஊதுபத்திக்காக வலியைத் தின்றுகொண்டு கிடக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். யார் இதில் அரச ஜாதி?

"பிலோமினாக்கா, உங்களுக்கு விஷயம் தெரியுமா," என்றாள் யூலான், கொறட்டை எடுத்துக்கொண்டே. "எனக்குத் தம்பி வரப்போறான்." "இன்னாம்மா சொல்ற, இந்த வயசுலயா!" "ஆமாக்கா. முப்பத்தஞ்சு வயசுத் தம்பி. கல்கத்தாவுலேர்ந்து. சுவீகாரம்." பிலோமினா பிடித்திருந்த குழாய் அவர் வாயிலிருந்து நழுவிச் சட்டையை நனைத்தது. கேட்டிருக்கிறாள். போன வாரம் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் சோறு போட்டிருக்கிறாள், வீக்கம் பார்த்திருக்கிறாள், எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். எட்டாவது பெரியப்பா கண்டுபிடித்த சமரசம் அது. ஆண்வாரிசு இல்லாத கிளைக்கு உடன்பிறந்தார் கிளையிலிருந்து ஒரு மகனை எடுத்துக்கொள்வது நம் பழைய வழக்கம்தானே வென்ஹாய், பல் நிஜம் என்றால் முதல் ஊதுபத்தி உனக்கு, உன் காலத்துக்குப் பிறகு தேஹுவாவின் இரண்டாவது மகன் உன் மகன், உன் வழிபாட்டுக்கு உரியவன், குலப்பட்டியலில் உன் பெயருக்குக் கீழே அவன் பெயர். அப்போ யூலான்? அவள் பெண்தானே. அவர் என்ன சொன்னார்? பார்க்கலாம் என்றார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதையை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தவர், ஊதுபத்தியை நம்பி மகளைக் கைவிடப் பார்த்தார். பார்க்கலாம் என்ற சொல் வாயில் எத்தனை சுளுவாக வந்தது. சரி என்ற சொல்லும் காலையில் அதே சுளுவோடுதான் வந்தது. ஓ, அதனால்தானா? பார்க்கலாம் என்று சொன்ன வாயில் அந்தப் பல் இருக்கப் பொறுக்கவில்லையா? பேச வேண்டும் போலிருந்தது. அம்மாடி, நான் இன்னும் சம்மதம் சொல்லலை என்று சொல்ல வேண்டும். "ஆ ஆ," என்று வந்தது. "வலிக்குதாப்பா?" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. இல்லை. நோயாளியிடம் கேட்கிற அதே அன்பான குரல்.

அப்போதுதான் மாடிப்படியில் சத்தம். "யாரு நீங்கோ? டோக்கன் கீதா? செருப்ப வெளிய வுடுங்கோ!" என்று பிலோமினா கத்துவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு இருவர் நின்றார்கள். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், அதிசயமாக ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, சென்ட்ரலிலிருந்து நேரே வந்திருக்கிறார்கள். எட்டாவது பெரியப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், தொண்ணூறைத் தொட்ட ஆள், நிமிர்ந்து நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் தேஹுவாவின் வழுக்கை மினுமினுத்தது. இருவரும் நாற்காலியைப் பார்த்தார்கள், யூலானின் கையில் இருந்த கொறட்டைப் பார்த்தார்கள். "என்ன செய்கிறாய் பெண்ணே?" என்றார் பெரியப்பா ஊர்ச் சீனத்தில். யூலான் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் சீழ், வீக்கம், இன்றே எடுக்க வேண்டும் என்று சொன்னாள். "எடுக்கட்டும், எடுக்கட்டும்," என்றான் தேஹுவா, அவனுக்கு வாயெல்லாம் பல். "வேர் இருக்கிறதா, சிமெண்ட் இருக்கிறதா, இப்போதே தெரிந்துவிடும்." பெரியப்பா அவனை அடக்கிவிட்டுக் குனிந்தார். அவருடைய மூச்சில் ரயில் தேநீர் மணத்தது. "வென்ஹாய், போன பல் திரும்பாது. வாயில் பல் இல்லாதவனை முன்னால் நிறுத்தி, இவன்தான் என்று நான் எப்படிச் சொல்வேன்? யோசித்துக்கொள்." யூலான் மெதுவாகக் குனிந்து காதருகே தமிழில் சொன்னாள். "அப்பா, வேணாம்னா கையைத் தூக்குங்க. மருந்து குடுத்து ரெண்டு நாள் ஓட்டிப் பாக்கறேன். நெஜமா நிறுத்திடுவேன்." நிறுத்திவிடுவாள். அதுதான் கொடுமை. பெரியப்பா, தேஹுவா, பிலோமினா, எல்லாருடைய கண்ணும் அந்த இடது கைமேல் விழுந்தது. கை கனத்தது. உள்ளங்கையில் வேர்த்து ரெக்சின் உறை வழுக்கியது. தாத்தா பார்த்தார், அப்பா பார்த்தார், குன்றின் மரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்ற கடைசிச் சக்கரவர்த்தி திரும்பிப் பார்த்தார். முட்டைக்கோஸ் கூடையோடு நின்ற சமையல்காரி மட்டும் அவரைப் பார்க்கவில்லை, யூலானைப் பார்த்தாள். அவர் கையைத் திருப்பி, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். இழும்மா. இழு.

அழுத்தம். வலி இல்லை, வெறும் அழுத்தம், மண்டைக்குள் தேங்காய் மூடி விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு நெறுநெறுப்பு. யூலானின் மணிக்கட்டு இப்படித் திரும்பியது, அப்படித் திரும்பியது. இது அவர் கற்றுக்கொடுத்த திருப்பு இல்லை, அவருடையது முரட்டு இழுப்பு; இது அவளுடையது, அவசரமில்லாதது, பல்லையே கேட்டுக் கேட்டு எடுக்கிறது. வா, இன்னும் கொஞ்சம், இல்லையா, சரி, இப்போ வா. அவருக்கு நெஞ்சு விம்மியது. என் மகள் எப்படி எடுக்கிறாள் பாருங்கள் பெரியப்பா, பல்லைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கடலைப் பார்க்கிற ஜன்னலில் காக்கை ஒன்று கத்தியது. ஏதோ ஒன்று, அறுபது வருஷமாக அவர் நாக்கு தொட்டுத் தொட்டுத் தூங்கிய ஏதோ ஒன்று, விட்டது. எவர்சில்வர் தட்டில் டிங்கென்று விழுந்தது. "முழுசா வந்துடுச்சுப்பா!" என்றாள் யூலான், சுவாதியின் கேஸைச் சொன்ன அதே சந்தோஷத்தோடு. "யம்மாடி, இன்னா வேரு, முருங்கக்காய் கணக்கா," என்றாள் பிலோமினா. பெரியப்பா கைக்குட்டையை விரித்து அதில் பல்லை வாங்கிக்கொண்டார். மேலே பச்சரிசி, கீழே நீளமாக, நுனியில் கொஞ்சம் வளைந்த, ரத்தமும் சதையும் ஒட்டிய அசல் வேர். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேஹுவாவும் எட்டிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை, அடடா, அதை ஒரு தட்டில் வைத்து ஊருக்கெல்லாம் விளம்பலாம். பீங்கான் எங்கேடா தேஹுவா? சிமெண்ட் எங்கேடா? "பல் நிஜம்," என்றார் எட்டாவது பெரியப்பா. பிறகு தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, அந்தத் தொண்ணூறு வயது முதுகை வளைத்து, நாற்காலியில் சாய்ந்து கிடந்தவருக்குத் தலை வணங்கினார். வென்ஹாயின் காதில் முரசு, சங்கு, கொம்பு எல்லாம் ஒன்றாக முழங்கின. ஜெயித்துவிட்டேன். அப்பா, பாருங்கள், பல்லைக் கொடுத்து ஜெயித்துவிட்டேன்.

"கடிச்சிட்டே இருங்க, அரைமணி நேரம் பேசக் கூடாது," என்று பஞ்சை வைத்துவிட்டு யூலான் கொறட்டைக் கழுவக் குழாயடிக்குத் திரும்பினாள். பெரியப்பா பல்லைக் கைக்குட்டையில் முடிந்து உள்பையில் வைத்துக்கொண்டார். "வேரோடு பார்த்த பிறகு இனி வாயில் தேட வேண்டியதில்லை. முதல் ஊதுபத்தி உன்னுடையது. அடுத்த காரியத்தையும் இப்போதே முடித்துவிடுவோம், எனக்கு இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வரத் தெம்பு இல்லை. தேஹுவாவின் இரண்டாவது மகனை நீ மகனாக ஏற்கிறாய் என்று முன்னோர் சாட்சியாக மூன்று முறை சொல்கிறேன். நீ பேச வேண்டாம். மறுக்காமல் இருந்தால் போதும்." ஒருமுறை சொன்னார். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள், பாவிகள், எப்படிச் சொல்லிவைத்திருக்கிறார்கள். வாயில் பஞ்சு, உதடு யாருடையதோ, நாக்கு பலகை. முழங்கிய முரசு அப்படியே நின்றது. யூலானின் முதுகு தெரிந்தது. தோள் அசையவில்லை. தண்ணீர் கொறட்டில் பட்டுத் தெறித்தது. இரண்டாம் முறை சொன்னார். தேஹுவாவின் முகத்தில் சிரிப்பு மறுபடி ஊர்ந்து வந்தது. மௌனம் சம்மதம், எல்லா ஊரிலும் அதுதான் சட்டம் போலிருக்கிறது. இல்லை. இந்த மாடியில் வேறு சட்டம் இருக்கிறது. அதைப் போட்டது யார்? நான். அதை நிஜமாக்கியது யார்? அதோ நிற்கிறாளே, அவள். பெரியப்பா மூன்றாம் முறைக்கு வாயைத் திறந்தார். வென்ஹாயின் இடது கை கைப்பிடியிலிருந்து எழுந்தது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, மேலே, மேலே, விளக்குக்கு நேராக.

எத்தனை வேலை இருந்தாலும் யூலானின் ஓரக்கண் அந்தக் கையை விட்டு நகராது. தண்ணீர் நின்றது. "நிறுத்துங்க!" என்றாள், சீனம் மறந்து தமிழில். பெரியப்பாவுக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது, ஆனாலும் நிறுத்திவிட்டார். "இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கை தூக்கினால் நிறுத்த வேண்டும்," என்று அவள் சீனத்தில் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். "யாராக இருந்தாலும்." பெரியப்பா அவரைப் பார்த்தார். "மறுக்கிறாயா? அப்படியானால் உனக்குப் பிறகு யார்?" உயர்ந்த கையில் ஒரு விரல் மட்டும் நீண்டு யூலானைக் காட்டியது. "அதற்கு வழக்கம் இல்லை வென்ஹாய். வாரிசு இல்லாத கிளைக்கு ஊதுபத்தி கிடையாது, அது தேஹுவாவுக்குப் போய்விடும். தெரிந்துதான் செய்கிறாயா?" பஞ்சைக் கடித்தபடி அவர் தலையை ஆட்டினார். போகட்டும், கொளுத்தட்டும், கண் எரிய எரியக் கொளுத்தட்டும். நின்றுபோன முரசு திரும்பவும் அடிக்க ஆரம்பித்தது, இம்முறை வலியில்லாமல், மரத்துப்போன மூக்குக்கும் கீழே, நெஞ்சில். பிலோமினா எதற்கென்றே தெரியாமல் கையைத் தட்டினாள். யூலான் கிட்டே வந்தாள், முகமூடியைக் கழற்றினாள், அவள் கன்னமெல்லாம் ஈரம். "நிறுத்தியாச்சுப்பா," என்றாள். "கையை எறக்குங்க." அவர் இறக்கவில்லை.